ஜிலேபிக்கு எந்த நீரில் இடம்? மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆணையர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை, தமிழ்நாடு அரசு, உள்நாட்டு மீன்வளப் பிரிவு அலுவலர்கள், தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம்.

வணக்கம்.

ஜிலேபிக் கெண்டை, அதாவது திலேப்பியா மீன், என்று பேச்செடுத்தால் இரண்டே கட்சிதான். ஏழைக்கு மலிவான மீன், விவசாயிக்கு ஆறு மாதத்தில் கையில் பணம், ஆகவே எங்கும் வளர்க்கலாம் என்பது ஒன்று. அயல் மீன், நாட்டு மீனைத் தின்று தீர்க்கிறது, அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரு தரப்பாரும் மீனின் பெயரைக் கேட்டதுமே முடிவு சொல்லிவிடுகிறார்கள். எந்த நீரில் என்று யாரும் கேட்பதில்லை. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பல தலைமுறையாக இனப்பெருக்கம் செய்துவரும் ஜிலேபி, ஒரு விவசாயியின் பண்ணைக்குட்டையில் தீவனம் தின்று வளரும் ஜிலேபி, பவானிசாகரிலிருந்து மோயாற்றுக்குள் ஏறக்கூடிய ஜிலேபி ஆகிய மூன்றையும் ஒரே விதியில் அடக்க முடியாது. மாநிலத்தின் நீர்நிலைகளை மூன்று வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு விதி எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் "அயல்" என்ற சொல்லைச் சரிசெய்ய வேண்டும். துறையின் ஆவணங்களில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இந்தியப் பெருங்கெண்டைகள் என்று வருவதால் நாட்டு மீன்கள் என்றே நினைத்துவிடுகிறோம். காவிரிக்கு அவை அயல்தான். கங்கை, கோதாவரி போன்ற வடக்கத்திய ஆறுகளுக்கு உரியவை அவை. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கட்லாவைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். இன்று நம் நீர்த்தேக்க வருமானத்தின் முதுகெலும்பே அந்த மூன்று மீன்கள்தான். அவற்றை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மீனுக்கு நாட்டு எல்லை தெரியாது, ஆற்றுப் படுகைதான் அதன் நாடு என்பதை மட்டும் விதி எழுதும்போது நினைவில் வைக்க வேண்டும். கருமுழிக் கெண்டை காவிரியின் மீன். அதன் இடத்தில் ரோகுவை விட்டுவிட்டு நாட்டு மீனை இருப்புச் செய்ததாக, அதாவது நீரில் குஞ்சு விட்டதாக, கணக்கெழுத முடியாது.

ஜிலேபியின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. மொசாம்பிக் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1959-இல், அதைப் பரப்புவதற்கு மத்திய அளவிலான மீன்வள ஆய்வுக் குழு தடை விதித்தது. அதற்குள் குளங்களுக்கும் அணைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வைகை, அமராவதி, உப்பாறு, கிருஷ்ணகிரி என்று பல நீர்த்தேக்கங்களில் அது நிலைகொண்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தடை தவறில்லை, பிந்தி வந்ததுதான் தவறு. இப்போது இரண்டாவது முறையாக அதே வாசலில் நிற்கிறோம். நைல் திலேப்பியாவிலிருந்து 1988 முதல் பிலிப்பைன்ஸில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய கிஃப்ட் ரகம் பண்ணைகளுக்கு வந்துவிட்டது. பழைய ஜிலேபி குளத்தில் 100 கிராமைத் தாண்டத் திணறும்போது, இது நல்ல தீவனத்தில் ஆறு மாதத்தில் அரைக் கிலோவை எட்டுகிறது. விவசாயி விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் வெளியே தப்பினால் பழைய ஜிலேபியோடு கலந்து குஞ்சு பொரிக்கக்கூடியது இது.

முதல் வகை நீர்: ஜிலேபி ஏற்கெனவே குடிகொண்ட பெரிய நீர்த்தேக்கங்கள். மேட்டூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1934-இல் கட்டி முடித்த அணை. முழு மட்டமான 120 அடியில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. இவ்வளவு நீரில் ஒரு மீனை ஒழிப்பது நடக்கிற காரியம் இல்லை. அதற்கு முயல்வது பரிசல்காரர்களின் அன்றாடக் கூலியைப் பறிப்பதில்தான் முடியும். கெண்டை படாத நாளிலும் ஜிலேபி படும். அணைக்கரை வறுவல் கடைகளும் சந்தைகளும் அதை வாங்கிக்கொள்ளும். எனவே இங்கே ஜிலேபியை நிறையப் பிடிக்க வேண்டும், சிறியதாகவே பிடிக்க வேண்டும், புதிதாக ஒன்றுகூட விடக் கூடாது.

சிறியதாகப் பிடிப்பது எதற்காக என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இப்போதைய வலைக்கண்ணி விதி இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. ஜிலேபி இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டைக்குத் தயாராகிவிடும். தாய் முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. வெதுவெதுப்பான நீரில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஈடு. கூட்டம் பெருக இரை குறைகிறது. இரை குறைந்ததும் மீன் வளர்வதை விட்டுவிட்டு இன்னும் சிறிய வயதிலேயே முட்டையிடத் தொடங்குகிறது. உள்ளங்கை அளவிலேயே கிழடு தட்டிய மீன் வலையில் வருவது இதனால்தான். பெரிய கண்ணி வலையை மட்டும் அனுமதித்தால் வளர்ந்த சில மீன்களைப் பிடித்துவிட்டு, குட்டையாகவே இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தை முழுவதுமாக விட்டுவைக்கிறோம். அந்தக் கூட்டம்தான் கரையோரப் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்று நாட்டுக் கெண்டைக் குஞ்சுக்கு எதுவும் மிச்சம் வைக்காமல் செய்வது.

ஆனால் சிறுகண்ணி வலையைத் தாராளமாக விட்டால் நாம் காசு கொடுத்து விட்ட கட்லாக் குஞ்சும் நாட்டுக் கெண்டைக் குஞ்சும் அதிலேயே மாட்டும். இந்த முடிச்சை அவிழ்க்க வலையை இடத்தாலும் காலத்தாலும் பிரிக்க வேண்டும். ஆழ்நீரில் ஆண்டு முழுவதும் 100 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணி கூடாது. கரையோர ஓடைமுகங்களில், ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், குறித்த மாதங்களுக்கு மட்டும் 50 முதல் 60 மில்லிமீட்டர் கண்ணியும் வீச்சு வலையும் அனுமதிக்கலாம். இந்த அளவுகள் எல்லாம் கண்ணியை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பவை. ஆணையில் இதைத் தெளிவாக எழுதாவிட்டால் ஒருவர் பக்க அளவு என்பார், இன்னொருவர் இழுத்த அளவு என்பார், கரையில் சண்டைதான் மிஞ்சும். மேட்டூருக்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் மே வரை. வழக்கமாக ஜனவரி 28-இல் பாசன மதகு மூடிய பின் ஜூன் 12 வரை கரையோர நீர் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஆண் ஜிலேபிகள் மணலும் சேறும் கலந்த தரையில் தட்டுப்போல் குழி பறித்து இணைக்குக் காத்திருக்க வசதியான காலம். குழிகள் கூட்டமாக இருக்கும் இடம் பரிசல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அங்கே மட்டும் சிறுகண்ணிக்கு உரிமம் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பெருங்கெண்டைக் குஞ்சு விட்டதிலிருந்து மூன்று மாதம் அந்த உரிமம் தானாகவே முடங்க வேண்டும்.

பிடிப்பவருக்கு இதில் ஆதாயம் இருந்தால்தான் நடக்கும். துறையோ கழகமோ பிடிப்பில் பங்கு கழிக்கும் நீர்த்தேக்கங்களில், 100 கிராமுக்குக் குறைந்த ஜிலேபிக்குப் பங்கு எதுவும் கழிக்காமல் முழுவதையும் மீனவருக்கே விட்டுவிடுங்கள். சிறு மீனுக்குக் கருவாட்டுச் சந்தை இருக்கிறது, விரால் பண்ணைத் தீவனத்துக்கும் தேவை இருக்கிறது. ஒரே ஒரு கட்டுப்பாடு: உயிரோடு கரை தாண்டக் கூடாது. தொட்டி வண்டியில் உயிருடன் போகும் ஜிலேபி எந்த ஊர்க் குளத்தில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பனிக்கட்டியில் போகும் மீன் குளம் மாறாது.

இருப்புச் செய்வதில் இன்னொரு கணக்குப் பிழை தொடர்ந்து நடக்கிறது. முழு மட்டத்துப் பரப்பை வைத்துக் குஞ்சு எண்ணிக்கையைப் போடுகிறோம். மேட்டூருக்கு ஹெக்டேருக்கு 200 என்று வைத்தால் முழுப் பரப்புக்கு 30 லட்சம் குஞ்சு. ஆனால் அணை ஆண்டு முழுவதும் முழு மட்டத்தில் நிற்பதில்லை. சராசரிப் பரப்பு 9,000 ஹெக்டேர் என்றால் தேவை 18 லட்சம்தான். மிச்சம் 12 லட்சத்துக்கான பணத்தில் இருக்கும் குஞ்சுகளைப் பெரிதாக வளர்க்கலாம். ஆழியாறு இதற்குக் கையிலிருக்கும் சான்று. அங்கே 1964-65-இல் ஹெக்டேருக்கு 1.67 கிலோதான் விளைச்சல். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் குஞ்சு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 100 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்ததை மட்டும் விட்டார்கள். ஒரே நாளில் கொட்டாமல் பல தவணையாக விட்டார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங்கெண்டையைப் பிடிக்கத் தடை போட்டார்கள். 1990-இல் விளைச்சல் 194 கிலோ. விரலளவுக் குஞ்சில் பெரும்பகுதி வாளைக்கும் சிறுவலைக்கும் இரையாவதுதான் இதற்குள் இருக்கும் காரணம். கெண்டையில் வருமானம் கூடினால் ஜிலேபியை மேலும் விட வேண்டும் என்ற அரசியல் நெருக்கடியும் தானாகக் குறையும். அதனால்தான் ஜிலேபி பற்றிய மடலில் கட்லாக் கணக்கைச் சொல்கிறோம்.

இரண்டாவது வகை நீர்: பண்ணைகளும் பண்ணைக்குட்டைகளும். கிஃப்ட் திலேப்பியாவுக்குத் துறையின் அனுமதி வேண்டும், ஒற்றைப்பால் (எல்லாம் ஆணான) குஞ்சுகளே விட வேண்டும் என்ற விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. விதி நல்லதே. அதைச் சோதிக்கும் முறையில்தான் ஓட்டை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒற்றைப்பால் குஞ்சு உண்டாக்கும் வழி பெரும்பாலான பொரிப்பகங்களில் ஒன்றுதான். தாயின் வாயை விட்டு நீந்தத் தொடங்கிய குஞ்சுகளை 14 மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் பிரித்தெடுத்து, ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மெத்தில் டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோன் மருந்து கலந்து 21 முதல் 28 நாள் கொடுக்கிறார்கள். பிழை நான்கு இடத்தில் வருகிறது. தாமதமாகப் பிரித்த குஞ்சுக்குப் பால் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பச்சை நீரில் வைத்தால் குஞ்சு பாசியைத் தின்றுவிட்டு மருந்துத் தீவனத்தைக் குறைவாகத் தின்னும். எரிசாராயத்தில் கரைத்த மருந்தைத் தீவனத்தில் சீராகத் தெளிக்காவிட்டால் ஒரு பிடியில் அதிகமும் மறு பிடியில் ஒன்றுமில்லாமலும் போகும். குளிர்காலத்தில் நீர் 24 பாகைக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி மந்தமாகி 21 நாள் போதாது. எல்லாம் சரியாக நடந்தாலும் 95 முதல் 99 விழுக்காடு ஆண்தான் கிடைக்கும், நூறு கிடைக்காது.

மீதிப் பெண் மீன் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு ஏக்கர் குட்டையில் சதுர மீட்டருக்கு 3 வீதம் 12,000 குஞ்சு விடுகிறோம். 98 விழுக்காடு ஆண் என்றாலும் 240 பெண். ஒரு ஈட்டுக்கு 300 குஞ்சு என்று குறைத்தே கணக்கிட்டாலும் 72,000 குஞ்சு. பாதிப் பெண் மீன்களே பொரித்தாலும் 36,000. இவை ஒற்றைப்பால் குஞ்சுகள் அல்ல. ஆணும் பெண்ணும் கலந்து இயல்பாகப் பிறந்தவை. விவசாயியின் தீவனத்தைத் தின்று லாபத்தைக் கரைப்பவையும் இவையே, மழையில் வழிந்து ஏரிக்குப் போகிறவையும் இவையே. இந்த இடத்தில் பண்ணையின் லாபமும் ஏரியின் நலனும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. துறை இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பொரிப்பகச் சான்றிதழுக்கு ஒரு எண்ணிக்கை விதி வேண்டும். 100 மீனை அறுத்து, இனப்பை இழையை அசிட்டோகார்மைன் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு பெண்கூட இல்லை என்று சொன்னாலும், அந்தத் தொகுதியில் உண்மையில் 3 விழுக்காடு வரை பெண் இருக்க வாய்ப்பிருக்கிறது. ஒரு விழுக்காட்டுக்குக் கீழே என்று உறுதியாகச் சொல்ல 300 மீன் பார்த்து ஒன்றுகூடப் பெண் இல்லாதிருக்க வேண்டும். ஆகவே தொகுதிக்கு 300 மீன் பரிசோதனை; ஒரு பெண்கூட இல்லாத தொகுதி கிடைப்பது அரிது என்பதால், 3-க்கு மேல் பெண் தெரிந்தால் மட்டும் அந்தத் தொகுதி விற்பனைக்குப் போகக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து முடியும் நாளில் குஞ்சு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், அந்த அளவில் இனப்பையைத் தெளிவாகப் பார்க்க முடியாது. 5 சென்டிமீட்டர் ஆகும் வரை காத்திருந்தால், பரிசோதனை முடிவு வருவதற்குள் குஞ்சு விற்றுத் தீர்ந்திருக்கும். இப்போது நடப்பது அதுதான். மருந்துக் குஞ்சுகளை நாற்றங்கால் குளத்தில் வளர்த்து, 10 கிராம் ஆன பிறகே விற்க வேண்டும் என்று விதித்தால் பரிசோதனைக்கு நேரம் கிடைக்கும். விவசாயிக்கும் நல்லது: 10 கிராம் குஞ்சு சாவது குறைவு, குட்டையில் இருக்கும் நாளும் குறைவு. குஞ்சு விலை கூடும். மானியத்தை அந்த இடத்தில் கொடுங்கள்.

குட்டையின் வடிகால் அடுத்தது. தாயின் வாயை விட்டு வெளிவரும் குஞ்சு ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது; 4 மில்லிமீட்டர் வலைக்குள் எளிதாக நுழைந்துவிடும். வெளிப்புறம் 10, நடுவில் 4, உட்புறம் 1 மில்லிமீட்டர் என மூன்று அடுக்கு தேவை. இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், வலையும் கட்டுவார்கள். பிறகு முதல் கனமழை இரவில் 1 மில்லிமீட்டர் வலையில் இலையும் பாசியும் அடைக்கும், கரை உடையுமோ என்று பயந்து யாராவது வலையைக் கிழித்து விடுவார்கள். மீன்கள் இப்படித்தான் தப்புகின்றன. குழாய் வாயில் தட்டையாக ஒரு வலைத்துண்டைக் கட்டாமல், குழாயின் வாயளவைப் போல் இருபது மடங்கு பரப்புள்ள பெட்டி வடிவ வலையை நிறுத்தினால் பாதி அடைத்தாலும் நீர் போகும். வெளியேறும் நீர் ஜல்லி நிரப்பிய தொட்டி வழியாகப் போய், கடைசியில் விராலோ கெளுத்தியோ விட்ட ஒரு சிறு குட்டையில் விழுமாறு செய்தால், தப்பிய குஞ்சு அங்கேயே இரையாகும். நாட்டுக் கெளுத்தியைத்தான் சொல்கிறோம், ஆப்பிரிக்கக் கெளுத்தியை அல்ல. கரையின் உயரம் அந்தப் பகுதியில் கண்ட மிக உயர்ந்த வெள்ள மட்டத்தைவிட அரை மீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் அனுமதியே கொடுக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு நாட்காட்டி. 10 கிராம் குஞ்சைப் பிப்ரவரி கடைசியில் விட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் அரைக் கிலோ. செப்டம்பர் 30-க்குள் குட்டையை இறைத்து முடித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வழிந்தோட ஜிலேபியே இருக்காது. மார்கழிக் குளிரில் எப்படியும் அது மெதுவாகவே வளரும். அந்தக் காலத்தில் குட்டையைக் காயவிட விரும்பாதவர் கெண்டை விடலாம், விரால் விடலாம். கிஃப்ட் உரிமத்தில் "அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை குட்டையில் திலேப்பியா இருக்கக் கூடாது" என்று ஒரு வரி சேருங்கள். வெள்ளத்தில் மூழ்கும் டெல்டா மாவட்டங்களிலும் ஏரிகளின் நீர்ப்பிடிப்பிலும் இந்த ஒரு வரி நூறு ஆய்வாளர்களின் வேலையைச் செய்யும்.

இறைத்த குட்டையில் சேற்றுக் குழிகளில் குஞ்சு தங்கும். தரை வெடிக்கும் அளவுக்குக் காயவைக்க முடிந்தால் வேறு எதுவும் வேண்டாம். காயாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு, ஒரு மீட்டர் ஆழ நீர் நிற்கும் ஹெக்டேருக்கு 2,500 கிலோ. அதன் நஞ்சு முறிய மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே உரம். அவசரமென்றால் ப்ளீச்சிங் பவுடர் 350 கிலோ. பழைய மூட்டையில் குளோரின் போயிருக்கும், அளவு சரியாக இருந்தும் மீன் சாகாது. பூச்சிமருந்து ஊற்றும் பழக்கத்தைத் துறை கடுமையாகத் தடுக்க வேண்டும். வளர்ப்பின்போதே இருபது முப்பது ஜிலேபிக்கு ஒரு விரால் என்ற அளவில், ஜிலேபி 50 கிராம் தாண்டிய பிறகு சிறிய விராலை விட்டால், பிறக்கும் குஞ்சுகளை அது தின்றுகொண்டே வரும். விராலுக்கு ஜிலேபியைவிட நல்ல விலை என்பது விவசாயிக்குக் கூடுதல் லாபம்.

மிதவைக் கூண்டுகள் பண்ணையில் சேரா. 6×4×4 மீட்டர் கூண்டு ஒன்றில் கன மீட்டருக்கு 50 என்றால் ஏறத்தாழ 4,800 மீன். ஆமையோ நீர்நாயோ ஒரு மூலையைக் கிழித்தால் ஓர் இரவில் அத்தனையும் நீர்த்தேக்கத்தில். கூண்டில் பெருங்கெண்டைக் குஞ்சை 100 மில்லிமீட்டர் வரை வளர்த்து அதே அணையில் விடுங்கள், கூண்டுக்கு அதைவிடப் பயனுள்ள வேலை இல்லை. எந்த நீர்த்தேக்கத்திலும் கூண்டில் திலேப்பியா வேண்டாம்.

மூன்றாவது வகை நீர் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் சேரும் மோயாறு; கேரள மலைகளிலிருந்து இறங்கி அமராவதி அணைக்கு வரும் பாம்பாறு; ஒகேனக்கலுக்கு மேலே காவிரி, அதாவது 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய நீர்; நீலகிரி, பழனி மலை ஓடைகள். கூன்முதுகு மகாசீர் என்ற, உலகில் காவிரிப் படுகையில் மட்டுமே உள்ள மீனுக்கு இந்த ஆறுகளே கடைசிப் புகலிடம். தோர் ரெமாதேவியே என்று முதலில் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட மீனும் காவிரியின் புகழ்பெற்ற கூன்முதுகு மகாசீரும் ஒன்றே என்று 2018-இல் உறுதியானது. அது அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது.

அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவற்றில் மணல் அள்ளலும் வெடி வைத்துப் பிடித்தலும் அணைகளும் உண்டு. ஆனால் துறை கூர்ந்து பார்க்க வேண்டியது வேறொன்று. நீலத்துடுப்பு மகாசீர் என்ற இன்னோர் இனத்தின் குஞ்சுகளை மகாராட்டிரத்துப் பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து, 1970-களிலிருந்து, காவிரியில் விட்டார்கள். தூண்டில் சுற்றுலாவுக்கு வருமானம், மகாசீருக்குப் பாதுகாப்பு என்று நல்லெண்ணத்தோடு செய்தது. சில பத்தாண்டுகளில் தூண்டிலில் வருபவை பெரும்பாலும் நீலத்துடுப்பு என்றாகிவிட்டது, கூன்முதுகு அரிதாகிப்போனது. இரண்டும் இந்திய மீன், இரண்டும் மகாசீர். எந்தத் தடைப் பட்டியலிலும் அந்தக் குஞ்சு இல்லை. பெயர்ப் பட்டியலை வைத்து ஆற்றைக் காக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே மூன்றாம் வகை நீரில் எந்த மீனையும் விடக் கூடாது. கட்லாவையும் ரோகுவையும் சேர்த்தே சொல்கிறோம். விட வேண்டியிருந்தால் அதே ஆற்றின் தாய்மீனிலிருந்து, அதே ஆற்றங்கரையில் பொரித்த குஞ்சு மட்டும். நாட்டின மீன்குஞ்சுகளை ஆறுகளில் இருப்புச் செய்யும் திட்டங்களுக்கும் இது பொருந்தும். பவானியில் விடும் குஞ்சின் தாய் பவானியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் தொடங்கிய, ட்ரவுட் என்ற அயல் மீனின் பண்ணை தொட்டிக்குள் நடக்கட்டும், அதன் வடிகாலுக்கும் மேலே சொன்ன மூன்றடுக்கு வலை வேண்டும். நீலகிரி ஓடைகளுக்கே உரிய சிறு மீன்கள் ட்ரவுட்டின் வாய்க்குச் சரியான அளவில் இருப்பவை. அமராவதியும் பவானிசாகரும் முதல் வகையில் வருபவை என்றாலும் மேலே இருக்கும் ஆற்றின் பொருட்டு அவற்றில் சிறுகண்ணி ஜிலேபிப் பிடிப்பை ஆறு அணையில் நுழையும் வால்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அந்த வால்பகுதியில் மகாசீர்க் குஞ்சும் இருக்கலாம் என்பதால் அங்கே வீச்சு வலை மட்டும், பிடித்ததைக் கையால் பிரித்து மற்றவற்றை உடனே நீரில் விட வேண்டும். இதற்கு வனத்துறையோடு ஓர் எழுத்துபூர்வ உடன்பாடு தேவை. இல்லாவிட்டால் ஒரு துறை கொடுத்த உரிமத்துக்கு இன்னொரு துறை வழக்குப் போடும்.

எந்த நீரிலும் இடமில்லாத மீன்களும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் கோழிக்கழிவில் மலிவாக வளர்வதால் மறைவில் வளர்க்கிறார்கள். காற்றைச் சுவாசித்து ஈரத்தரையில் நகர்ந்து போகக்கூடிய மீனுக்கு எந்த வலையும் அடைப்பாகாது. பண்ணையை அழிக்கும்போது வளர்த்தவருக்கு நாட்டுக் கெளுத்தியோ விராலோ குஞ்சாகக் கொடுத்தால் அவர் அடுத்த ஆண்டு திரும்பவும் மறைவில் தொடங்க மாட்டார். டேங்க் கிளீனர் என்று வீட்டு மீன்தொட்டிக்கு விற்கும் மீனுக்கு உணவுச் சந்தையே இல்லை. அதன் முள் வலையைக் கிழிக்கிறது, கரையில் வளை தோண்டுகிறது. சென்னைக் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் வளர்ந்த மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொறுப்பைக் கடைக்காரரிடம் வைத்தால் அது ஏரிக்கு வராது. கொசுவுக்கென்று கம்பூசியா என்ற அயல் மீனைக் குளங்களில் விடும் உள்ளாட்சிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும்.

இவை வேலை செய்கின்றனவா என்று அறிய எளிய கணக்கு போதும். ஒவ்வொரு இறங்குதளத்திலும் வாரம் ஒரு நாள், வரும் பிடிப்பில் இனவாரியாக எடை, ஜிலேபியில் 50 மீனைத் தனித்தனியே நிறுத்துச் சராசரி. இப்போது "இதர மீன்கள்" என்று ஒரே வரியில் எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும். கருமுழிக் கெண்டையும் ஆராலும் அயிரையும் அந்த வரிக்குள்தான் ஓசையின்றிக் காணாமல் போகின்றன. ஜிலேபியின் சராசரி எடை இரண்டு காலாண்டு தொடர்ந்து 100 கிராமுக்குக் கீழே போனால் சிறுகண்ணிக் காலத்தை ஒரு மாதம் நீட்டலாம். நாட்டு மீன்களின் பங்கு குறைந்தால் பெருங்கெண்டை இருப்பைப் பாதியாக்கிப் பார்க்கலாம். செலவுக்கு, விற்கும் கிஃப்ட் குஞ்சு ஆயிரத்துக்கு 20 ரூபாய் என்று பொரிப்பகத்திடம் வாங்கி, காவிரிப் படுகை மீன்களுக்கான தாய்மீன் குளங்களுக்கே அதைச் செலவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. அடுத்த பருவமழைக்கு முன் மூன்று ஆணைகள் போதும்: கிஃப்ட் உரிமத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை குட்டையில் திலேப்பியா இருக்கக் கூடாது என்ற நிபந்தனை, நீர்த்தேக்கக் கூண்டுகளில் திலேப்பியாவுக்குத் தடை, மோயாற்றிலும் பாம்பாற்றிலும் ஒகேனக்கலுக்கு மேலேயும் எந்த மீனையும் இருப்புச் செய்யத் தடை. வலைக்கண்ணி மாற்றத்தை மேட்டூரில் இரண்டு ஓடைமுகங்களில் வரும் பிப்ரவரியில் சோதித்துப் பார்க்கலாம். எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குப் பரிசல் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களை அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உள்நாட்டு மீன்வளத்தில் அக்கறை கொண்ட நாங்கள்